வருவாள் என்று சொன்னாயாமே

அம்மா,

இன்று காலை ராணிப்பேட்டைக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைக்காரர் தகர டின்னிலிருந்து சீசாவுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அரிசி வாங்கப் போனவள். கடையைத் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. நீரடிமுத்து எண்ணெய். காறிப்போன, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாடை. பத்து வருஷம் மாதம் தவறாமல் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் உனக்கு முன்னால் அதுதான் என்னிடம் வந்து சேரும். அப்படியே நடுத்தெருவில் நின்றுவிட்டேன். தோல் கட்டு ஏற்றி வந்த வண்டிக்காரர், "ஏம்மா, ஓரமா நில்லு. இன்னா ஆச்சு உனக்கு?" என்று அதட்டினார். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்துவிட்டு, மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குப் படிக்கத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நான் உனக்கு எழுதிய நாலைந்து கடிதங்களையும் யாரோதான் உனக்கு வாசித்துக் காட்டினார்கள். அந்த யாரோவுக்குப் பயந்து, 'நான் சுகம், நீ சுகமா' என்பதற்கு மேல் எதுவும் எழுதியதில்லை. இதை உனக்கு வாசிக்க ஆள் வேண்டாம். உள்ளதை எழுதலாம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. நீ அதே இடத்தில் ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்களோடு. ஒருநாள் சாயங்காலம் கொதிக்கிற களிச் சட்டியைத் துணியில்லாமல் பிடித்து இறக்கினாய். தோல் வெந்த நாற்றம் வந்து நான்தான் கத்தினேன். நீ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. முழங்கையில் வெளுத்த திட்டு ஒன்று முன்பே இருந்திருக்கிறது. நீ யாரிடமும் சொல்லவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, பெருவியாதி, அதாவது குஷ்டம், என்றார்களாம்.

யாரும் உன்னைத் துரத்தவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். கொல்லையில் தனியாகக் குடிசை போட்டுத் தருகிறேன் என்று அப்பா கெஞ்சினார். "பாப்பாவுக்கு ஒட்டிக்கிச்சின்னா?" என்று நீ ஒரே கேள்விதான் கேட்டாய். ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் பெருவியாதிக்காரர்களுக்காக நடந்த விடுதிக்கு நீயாகவே கிளம்பினாய்.

கிளம்புகிற அன்று நான் ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். நீ பின்வாங்கினாய். அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். நீ வாசலில் நின்றபடியே சொன்னாய்: "பாப்பா, நம்பள விட்டுட மாட்டேன்னு கர்த்தர் வாக்கு குடுத்திருக்காரு. உனக்கும் சேத்து அத நான் புடிச்சிக்கினு போறேன். நீ அழாத." நான் அழுதேன். நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாய் என்று இப்போது, நானும் ஒருத்தியைப் பெற்ற பிறகு, தெரிகிறது.

அப்புறம் மாதம் ஒரு ஞாயிறு. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்கு ரெயில். அங்கிருந்து ஜட்கா. விடுதி கண்ணில் படுகிற இடத்தில் ஒரு புளியமரம். ஜட்காக்காரர் அங்கேயே நிறுத்திவிடுவார். "இதுக்கு மேல குதிர வராதுங்க" என்பார். குதிரை வரும், அவர்தான் வரமாட்டார். விடுதிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கல்லுக்கு இந்தப் பக்கம். நீங்களெல்லாம் அந்தப் பக்கம். நான் கொண்டுவந்ததைக் கல்லின்மேல் வைத்துவிட்டு விலகுவேன். நான் விலகிய பிறகுதான் நீ எடுப்பாய்.

வாரத்துக்கு இரண்டு ஊசி போடுவார்கள். அந்த நீரடிமுத்து எண்ணெயையே ஊசியில் ஏற்றுவார்கள் என்றும், போட்ட இடம் கட்டிப்போய் இரண்டு நாள் எரியும் என்றும் உன்னோடு இருந்த ஞானம்மாள்தான் சொன்னார்கள். நீ சொல்லவில்லை. உன் விரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்ததையும் நீ சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன்.

ஒருநாள் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது நீ விடுதிக் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தாய். துடைப்பத்தை மணிக்கட்டோடு துணி போட்டுக் கட்டியிருந்தாய். எனக்கு அவமானமாக இருந்தது. "யாரு உன்ன இந்த வேல செய்யச் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. கோயிலு குப்பையா கெடந்துது. எனக்குக் கை இன்னும் மிச்சம் இருந்துது" என்றாய்.

பதினாலு வயதில் வேலூர் போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு வாய் நீண்டுவிட்டது. அங்கே மற்றப் பெண்கள் தங்கள் அம்மாக்களைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் உன்னிடம் வெடித்தேன். "ஆறு வருஷமா ஜெபம் பண்றியே, இன்னா ஆச்சு? ரெண்டு விரலு போனதுதான் மிச்சம்." அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். நீ கல்லுக்கு அந்தப் பக்கமிருந்தே வேண்டாம் என்று தடுத்தாய். கோபித்துக்கொள்ளவில்லை. மலையைப் பார்த்தபடி, "அவரு சொன்னத அவரு செய்வாரு, பாப்பா. எப்பன்னு எனக்குச் சொல்லல. நானும் கேக்கல" என்றாய். அந்தப் பதில் எனக்கு அப்போது ஏமாளியின் பதிலாகத்தான் பட்டது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினெட்டு வயதானபோது மூன்று இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மூன்றும் சபைக் குடும்பங்கள்தான். பெண்ணின் அம்மா எங்கே என்று விசாரித்தார்கள், தெரிந்தது, எழுந்தார்கள். ஒரு வீட்டார் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை, டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். நாலாவதாக ராணிப்பேட்டையிலிருந்து வந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார். கூட அவர் அம்மா. என்னைப் பார்த்ததுமே அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு அப்பாவிடம் திரும்பிக் கேட்டார்கள்: "பொண்ணோட அம்மா?"

அப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா தவறிட்டாங்க. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே."

அந்த அம்மாள் எழுந்து வந்து என் தலையைத் தடவினார்கள். "இனிமே நான் இருக்கேன்மா" என்றார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திருத்தவில்லை. அவர்கள் போன பிறகும் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு தனியாக உன்னிடம் வந்தார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "சொல்லிட்டேன்" என்றார். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவர் நான் கேட்பேனென்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கல்யாணம் ஆம்பூர் சர்ச்சில் காலை பத்து மணிக்கு நடந்தது. அப்பாதான் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

ராணிப்பேட்டைக்கு வந்த பிறகு உன்னைப் பார்க்க நான் வரவேயில்லை. அப்பா மட்டும் மாதாமாதம் போய் வந்தார். இரண்டாம் வருஷம் காய்ச்சலில் விழுந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "ஒரு தடவ போய்ட்டு வா பாப்பா. அவ ஒண்ணும் கேக்க மாட்டா. ஆனா ஒக்காந்திருக்கா" என்றார். தலையை ஆட்டினேன். அவரை அடக்கம் செய்து பதினைந்து நாளில் நான் டீச்சராக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போனேன், பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தேன். உன்னிடம் வரவில்லை.

முதலில் பயத்தால் வரவில்லை. பிறகு, இத்தனை நாள் வராமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு வருவது என்று வரவில்லை. நீயும் யாரையாவது விட்டு எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பவில்லை. அப்பா இருந்தவரை அவர் பேருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு கார்டு வரும். அவர் போன பிறகு அதுவும் நின்றது. என்னை மறந்துவிட்டாய் என்றுகூட நினைத்தேன், அம்மா. என் புகுந்த வீட்டு விலாசம் உனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு உன் பேரில் ஒரு கார்டு வந்தால் என் பொய் உடையும் என்பதும் உனக்குத் தெரியும்.

மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு என்ன பேர் என்று பேச்சு வந்தபோது அத்தை, என் மாமியார், சொன்னார்கள்: "செத்துப்போன உங்கம்மா பேரயே வெச்சிடலாம்மா. நீ வாயால கூப்புடறப்பல்லாம் அவங்க இருக்கற மாதிரி இருக்கும்." நான் சரி என்றேன். ஆலங்காயத்தில் நீ மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். இங்கே தண்ணீர் தெளித்து, செத்தவள் நினைவாக உன் பேரை வைத்தார்கள். போதகர் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னபோது எனக்குக் காது அடைத்தது.

அவளுக்கு ஆறு வயது நடந்தபோது கன்னத்தில் வெளுத்த திட்டு ஒன்று வந்தது. ஒரு காசு அகலம். குளிப்பாட்டும்போது பார்த்தேன். கையிலிருந்த சொம்பு விழுந்து உருண்டது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அந்த இடத்தில் குத்தினேன். குழந்தை வலித்து அலறியது. அலறிய பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தரம் குத்தினேன். அத்தை ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்கள். "பைத்தியமா உனக்கு? அது தேமலு!"

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வந்துது" என்றேன்.

"உங்கம்மாதான் செத்துட்டாங்களே?"

"சாகல. பெருவியாதி. உயிரோட இருக்காங்க."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார்.

மறுநாள் வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். வெறும் தேமல்தான் என்று டாக்டர் களிம்பு கொடுத்து அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"உங்கம்மா அங்க எத்தன வருஷமா இருக்காங்க?"

"பத்தொம்பது."

"நீ கடைசியா எப்ப பாத்த?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டது. அவர் அதன் கன்னத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டு வந்தார்.

அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத கைத்தறிப் புடவை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். "அன்னைக்கே நெசத்தச் சொல்லியிருந்தா நான் வேணாம்னு எழுந்து போயிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன், போயிருப்பேன். ஆனா உயிரோட இருக்கற மனுஷி பேர, செத்தவ பேருன்னு என் வாயால சொல்ல வெச்சிட்டியேம்மா." அழுதுவிட்டார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்திக்கு ஒரு பொடவகூட நான் குடுத்ததில்ல. இத எடுத்துக்கினு போ" என்றார்கள். என் வீட்டுக்காரர் சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் மூன்று பேரும் வந்தோம், அம்மா. வாணியம்பாடியில் ரெயிலை விட்டு இறங்கி ஜட்கா பிடித்தோம். உன்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். புளியமரத்தடியில் இறங்கி நடந்தோம். கல் வரிசைக்கு அந்தப் பக்கம் ஞானம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப மூப்பு. என்னை அடையாளம் தெரியவில்லை. உன் பேரைச் சொல்லி, "நான் அவங்க பொண்ணு" என்றேன்.

அவர்கள் என்னையே பார்த்தார்கள். "வந்துட்டியா" என்றார்கள். அப்புறம் என் மகளைப் பார்த்தார்கள், புடவையைப் பார்த்தார்கள். "இருவத்திரெண்டு நாளாச்சிம்மா" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மாட்டேனென்று நின்றேன். என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிய பிறகுதான் புரிந்தது.

உன்னை உயிரோடு பார்க்க நான் பிந்தியது ஒன்பது வருஷம் அல்ல, இருபத்திரண்டு நாள். அந்தத் திட்டு ஒரு மாதம் முன்னால் என் மகள் கன்னத்தில் வந்திருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன். பிள்ளைக்கு நோய்க் குறி சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஞானம்மாள் எல்லாம் சொன்னார்கள். கடைசி மூன்று வருஷம் உனக்குக் கண் தெரியாமல் போயிற்றாம். அப்போதும் கோயிலை நீதான் பெருக்கினாயாம், காலால் தடவித் தடவி மூலை கண்டுபிடித்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாயாம்.

என் பொய்யை அப்பா உன்னிடம் சொன்ன அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒன்பது வருஷம் கழித்து அவர்களிடம் கேட்டேன். "கல்யாணப் பொடவ இன்னா கலருன்னு கேட்டுது உங்கம்மா. சந்தனக் கலருன்னாரு உங்கப்பா. அத எங்க எல்லார்கிட்டயும் வந்து சொல்லிச்சு." கல்யாணத்தன்று காலை நீ விடுதிப் போதகரான ஐயரிடம் போய் அனுமதி கேட்டாயாம். சரியாகப் பத்து மணிக்குக் கோயில் மணியின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அடித்தாயாம். போதும் என்று சொல்லும்வரை விடவில்லையாம். மணிக்கட்டுத் தோல் கிழிந்து ரத்தம் வந்திருக்கிறது. உனக்கு அது தெரியவில்லை, வலி இல்லாத கைதானே.

"நாங்கதான் கேலி பண்ணுவோம். எங்களுக்கெல்லாம் யாரு வந்தா, உனக்கு வர்றதுக்குன்னு. அது அசரவே இல்ல. வருவா, கர்த்தர் கூட்டிக்கினு வருவாருன்னும். கடைசி வாரம் மூச்சு வாங்கிச்சு. நான் வயிறு எரிஞ்சு கேட்டுட்டேம்மா, இப்பயாச்சும் உன் கர்த்தர் கூட்டிக்கினு வந்தாரான்னு." ஞானம்மாள் சொல்லிக்கொண்டே போனார்கள். "அதுக்கு அது சொல்லிச்சு: 'வருவா ஞானம்மா. நான் இருக்கும்போதேன்னு அவரு சொல்லலியே. வந்தா நல்லா பேசி அனுப்பு'ன்னு."

நான் கல்லைத் தாண்டிப் போனேன். ஞானம்மாள் "உள்ள வராதம்மா, வராத" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். விரலில்லாத கை. சூடாக இருந்தது. உன் கை எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எட்டு வயதுக்குப் பிறகு நான் அதைத் தொட்டதில்லை. அத்தை கொடுத்த புடவையை ஞானம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் குழி மலையைப் பார்த்து இருந்தது. மண் இன்னும் இறுகவில்லை. வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஜெபித்தார். அவர் உன்னை, 'எங்கள் அம்மா' என்று சொன்னார்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. அத்தை இப்போது சபையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள், நானும் கேட்கிறவர்களுக்கு மறைப்பதில்லை. சிலர் எங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திவிட்டார்கள். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போன மாதம் மகள் கேட்டாள்: "எனக்குப் பேரு வெச்சப்ப ஆயா உயிரோட இருந்தாங்களாம்மா?" ஆமாம் என்றேன். "அப்ப ஏன் வரல?" நான் கூப்பிடவில்லை என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பெரியவளானதும் கேட்பாள்.

தேவன் என்னை மன்னித்தார் என்று போதகர் சொல்கிறார். நீயும் மன்னித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும், ஞானம்மாள் சொன்னதில் எங்கேயும் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருநாளாவது நீ என்னைத் திட்டியிருந்தால், அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆறியிருப்பேன்.

உன்னைப் போல் நம்ப எனக்கு வரவில்லை, அம்மா. ஜெபிக்க உட்கார்ந்தால் 'எப்போது' என்றுதான் முதலில் வாயில் வருகிறது. ஆனாலும் ஒரு வாக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தமக்குள் மரித்தவர்களைத் தாம் எழுப்புவதாகக் கர்த்தர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் உன்னை எனக்குத் திரும்பக் காட்டுவார். அன்றைக்கு நான்தான் முதலில் பேச வேண்டும். இந்த ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீ முந்திக்கொண்டால், 'சாப்பிட்டியா பாப்பா' என்று கேட்டுவிடுவாய். அப்புறம் எனக்கு வாயே வராது.